டாக்டர் பிடுங்கிய நட்டு

அந்தத் தெருவில் பல் டாக்டருக்கு ஒரு பெயர் உண்டு: கை வைத்தால் பல் வரும். வேரோடு வரும், வலிக்காமல் வரும், சில சமயம் கேட்காமலும் வரும் என்று ஆகாதவர்கள் சொல்வார்கள். இருபது வருடம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே ராஜ்ஜியம் நடத்தியவருக்கு, பிடுங்க வராதது ஒன்று உலகத்தில் உண்டு என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அது அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளின் கிளட்ச் நட்டு.

இரண்டு மாதமாகவே வண்டி சரியில்லை. முறுக்கினால் சத்தம் தெருவைக் கூட்டும். வண்டி என்னவோ நத்தையோடு போட்டி போடும். எதிர் வீட்டிலேயே மெக்கானிக் இருக்கும்போது இது ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். "நட்டு திருகறதுக்குப் பெரிய படிப்பா வேணும்?" என்று டாக்டர் ஒரு நாள் வாயை விட்டிருந்தார். "புடுங்கறதுக்கு மட்டும் வேணுமாக்கும்?" என்று மெக்கானிக் திருப்பிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து டாக்டர் வழுக்கும் கிளட்சோடும், மெக்கானிக் சொத்தைக் கடைவாய்ப் பல்லோடும் காலம் தள்ளினார்களே தவிர, ஆளுக்கு எட்டு அடி நடந்து தெருவைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பிய மனைவி, "பேசாம எதிர் வீட்டுல விட்டுடுங்க," என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கு. நானே சரி பண்ணி, அதே வண்டியில வந்து நிக்கலேன்னா ஏன்னு கேளு."

மனைவி கேட்கக்கூடியவள் என்பது டாக்டருக்குத் தெரியும். கேட்டால் வருடக்கணக்கில் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மாற்ற வேண்டிய கிளட்ச் சாமான்களை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தார். என்ஜின் ஆயிலை வடித்தார். அகப்பட்ட பாத்திரம் மனைவி துணி ஊறவைக்கும் நீல பேசின். மூடியைக் கழற்றினார், பிளேட்டுகளை உருவினார். மிச்சம், அந்த பிளேட்டுகளைத் தாங்கும் தேய்ந்துபோன ஹப்பும் அதை நடுவில் பிடித்திருந்த அந்த ஒரே ஒரு நட்டும். பாக்ஸ் ஸ்பேனரை மாட்டித் திருகினார். நட்டோடு சேர்ந்து பின்சக்கரமும் சுற்றியது. கியரில் போட்டு, யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டால்தான் சக்கரம் நிற்கும். வீட்டில் இருந்த 'யாராவது' மாமியார் மட்டும்தான்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே மாப்பிள்ளை."

"ஓட்ட வேணாம் அத்தை. நிறுத்தினா போதும்."

"அது எனக்கு நல்லா வரும்," என்று மாமியார் ஏறி, பக்கவாட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மிதித்த மிதியில் சக்கரம் மட்டுமல்ல, வண்டியே மூச்சுவிடப் பயந்தது.

டாக்டர் ஸ்பேனரில் ஒரு முழ நீள இரும்புக் குழாயைச் சொருகி இழுத்தார். நட்டு அசையவில்லை. கடைவாய்ப் பல்லைப் போல இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். எதிர் வீட்டு மதில்மேல், துணியால் கன்னத்தைக் கட்டிய ஒரு தலை முளைத்தது.

"பல்லை ஆட்டற மாதிரி ஆட்டாதீங்க டாக்டர். முனை மழுங்கிடும்."

"உன்னை யாருய்யா கேட்டா? போய் வாயைக் கொப்பளி."

கோபத்தில் இழுத்த இழுப்பில் குழாய் நழுவியது. டாக்டர் நேராக நீல பேசினில் போய் உட்கார்ந்தார். மாமியார் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை மரியாதை. ஆனால் பிரேக் மட்டும் கடகடவென்று ஆடியது. மதில்மேல் இருந்த தலை சிரித்தது, பல் சுரீரென்றதில் உடனே அழுதது.

இரண்டு மணிக்கு போன் வந்தது. "பஸ் ஏறிட்டேன். வண்டி ரெடியா?"

"ரெடி மாதிரிதான்."

"மாதிரியா?"

டாக்டர் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மாமியார் வண்டியிலிருந்து இறங்கினார். "நான் போய்க் கூப்பிடறேன் மாப்பிள்ளை. நீங்க கூப்பிட்டதா இருக்காது. என் பொண்ணு நாக்கு உங்களைவிட எனக்குத் தெரியும்."

மெக்கானிக் வந்தார். வண்டியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்.

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். பல்லு புடுங்கறப்ப மொதல்ல என்ன செய்வீங்க?"

"மரத்துப்போக ஊசி போடுவேன்."

"அப்புறம்?"

"ஈறை விலக்குவேன். ஈறு பிடிச்சிருக்கறப்ப இழுத்தா கிழிஞ்சிடும்ல? இதெல்லாம் எதுக்குய்யா இப்ப?"

"இதுக்கு விலக்கினீங்களா?"

டாக்டர் முன்னறையில் இருந்த தன் ஆஸ்பத்திரிக்குள் ஓடி, வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துவந்து தரையில் படுத்தார். கரும் ஆயிலைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், நட்டு தானாகக் கழலாமலிருக்க அடியில் போட்டிருந்த லாக் வாஷர் தகட்டின் ஒரு காது மடங்கி, நட்டின் பக்கத்தை ஈறு மாதிரியே கவ்விக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்தக் காதோடுதான் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். வந்த முதல் நோயாளியிடம் செய்யத் துணியாத காரியத்தைச் சொந்த வண்டிக்குச் செய்திருக்கிறார்.

திரும்ப உள்ளே ஓடி, பல்லைக் கிளப்புகிற சின்ன நெம்பியோடு வந்து காதை நிமிர்த்தினார். மாமியார் மறுபடி ஏறி மிதித்தார். ஒரு இழுப்பு. 'டக்'கென்றது. நட்டு சமர்த்தாகக் கையோடு வந்தது.

"சார்," என்றார் மெக்கானிக். மரியாதை திடீரென்று கூடியிருந்தது. "அந்தச் சாமானைத்தான் எங்க வாயிலயும் விடுவீங்களா?"

"இது ஓரம் உடைஞ்ச பழசுய்யா. உனக்குப் புதுசு வெச்சிருக்கேன்."

அது வரைக்கும் தன் பல்லைப் பிடுங்குகிற பேச்சே எழவில்லை என்பதை மெக்கானிக் கவனித்தார். என்றாலும் தொழில் பாசம் விடுமா? புது ஹப்பை மாட்ட, பிளேட்டுகளை அடுக்க, புது வாஷரின் காதை மடக்க, மூடியைப் பூட்டி ஆயில் ஊற்ற என்று நாலு மணி வரை கூடவே நின்றார். உண்மையைச் சொன்னால் டாக்டர்தான் கூட நின்றார். கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு மெக்கானிக் நைசாக வாசல் பக்கம் நழுவினார். வாசலில் மாமியார்.

"எங்க தம்பி கிளம்பிட்டீங்க? நிறுத்தறது எனக்கு நல்லா வரும்."

நாலு இருபதுக்குக் கடைவாய்ப் பல் தட்டில் விழுந்தது. வலிக்கவில்லை என்பதில் மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. டாக்டர் பல் இருந்த குழியில் பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்கோ. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, பேன்ட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தார். வண்டி நிஜமாகவே பறந்தது.

ஐந்தே காலுக்கு மனைவியோடு திரும்பினார். வாசல் நாற்காலியில் மெக்கானிக் இன்னும் உட்கார்ந்திருந்தார். எட்டு அடியில் வீடு இருக்க, அவர் எதற்குக் காத்திருந்தார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"வண்டி வெண்ணெய் மாதிரி வருதே! யாரு சரி பண்ணினா?" என்றாள் மனைவி.

"வேற யாரு? நான்தான்," என்றார் டாக்டர்.

மெக்கானிக்கின் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் கிளம்பிப் பஞ்சில் முட்டி நின்றது.

"அப்படியாம்மா?" என்று மனைவி தாயைப் பார்த்தாள்.

"நான் பிரேக் மிதிச்சேன்," என்றார் மாமியார். "அதை வேணா சத்தியம் பண்ணுவேன்."

மனைவி கறுத்துக் கிடந்த நீல பேசினைப் பார்த்தாள். கணவரின் நகங்களைப் பார்த்தாள், அதைவிடக் கறுத்திருந்த மெக்கானிக்கின் நகங்களையும் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, மெக்கானிக்குக்கு எதிரே போட்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.

மெக்கானிக் கைக்கடிகாரத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிடம்.

இரண்டு மணி நேரம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றியது.