நாற்பத்தெட்டுக் கம்பி

ஒரு சக்கரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த வருஷம், எந்தக் காருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லக்கூடியவர்கள் இலங்கையில் இரண்டே பேர். அதில் ஒருவர் செத்துப்போய்விட்டார். மற்றவர் எஹலியகொடையில் கராஜ் வைத்திருக்கும் சுரேந்திரன் பாஸ். இது ஊருக்கே தெரியும். சுரேந்திரன் பாஸ் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் ஊர்தான் என்ன செய்யும்?

மாணிக்கக்கல் வியாபாரி மக்கீன் ஹாஜியார் அதை முழுமனதாக நம்பினார். தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன 1956ஆம் வருஷத்து எம்.ஜி. காரை வாங்கி, இரண்டு வருஷமாக அதைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது; அசல் கம்பிச் சக்கரங்கள்தான் பாக்கி. ஏப்ரலில் இரத்தினபுரியில் பழைய கார்க் கண்காட்சி. சக்கரம் அசலாக இருந்தால்தான் பரிசுக்கு நிற்கலாம்.

"நீங்க அலையாதீங்க ஹாஜியார். என் கண்ணு போதும்" என்றார் பாஸ்.

எம்பிலிப்பிட்டியப் பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு சக்கரங்களோடு வந்தார். கம்பிகள் தளர்ந்திருந்ததால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்த சுமித்ராவிடம் இறுக்கக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றடிக்கும் ஓட்டைக்குப் பக்கத்துக் கம்பியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, அங்கிருந்து விரலால் தொட்டுத்தொட்டு எண்ணினாள்.

"அண்ணே, மூணுல நாப்பத்தெட்டு கம்பி இருக்கு. இதுல மட்டும் அறுபது. இது வேற வண்டியோடதுங்க."

"எண்ணுறாளாம்! தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கணக்கப்பிள்ளைக்கு வேலை போயிரும் போல" என்றார் பாஸ். காற்றடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதென்று, "சக்கரத்துக்குக் காப்பு வேற கட்டியிருக்கா, எந்தக் கோயில் நேர்த்தியோ" என்று நூல்களைப் பிய்த்து எறிந்தார். "எண்ணத் தெரிஞ்சவங்க எண்ணட்டும்மா. பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு என்னத்துக்கு?"

சுமித்ரா கம்பியை இறுக்கத் தொடங்கினாள்.

கண்காட்சி மைதானத்தில் கார் பளபளவென்று நின்றது. கொழும்பிலிருந்து வந்த நடுவர் வெள்ளைக் காற்சட்டையோடு அப்படியே புல்லில் மண்டியிட்டார். பையிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து ஒரு கம்பியில் முடிந்தார். விரலால் தொட்டுத்தொட்டு எண்ணினார்.

"பின்பக்கம் வலது சக்கரம் அறுபது" என்று நடுவர் தாளில் எழுதினார். காரை வரிசையிலிருந்து வெளியே தள்ளச் சொன்னார்கள். தள்ளியது ஹாஜியாரும் பாஸும்தான்.

"என்ன பாஸ் இது?"

வாய் முந்திக்கொண்டது. "நான் குடுத்தது நாலும் சரிதான் ஹாஜியார். சைக்கிள் கடையில மாறியிருக்கும்."

சொன்ன மறுகணமே அதைத் திரும்ப விழுங்க முடியுமா என்று பார்த்தார். ஹாஜியார் அதற்குள் அவரையும் ஏற்றிக்கொண்டு தன் வேனைச் சைக்கிள் கடைப் பக்கம் திருப்பிவிட்டார்.

சுமித்ராவின் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஹாஜியார் கேட்டார். "என்ட சக்கரத்த மாத்தினீங்களா தங்கச்சி?"

ஒருவன் தன் சைக்கிளை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அதை சுமித்ரா பார்த்தாள், பாஸும் பார்த்தார். கிறீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்ணனே சொல்லட்டும் ஹாஜியார்."

பாஸ் ஆணியில் தொங்கிய சிவப்பு நூல்கண்டைப் பார்த்தார். இந்த இரண்டு கண்ணாலும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அவ அன்னைக்கே எண்ணிச் சொன்னா ஹாஜியார். நான்தான்... நூலைப் பிச்சுப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது பாஸுக்கு. ஹாஜியார் அவரைத் திட்டவும் இல்லை. சுமித்ராவிடம் திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி" என்றார். பாஸ் சொல்லியிருக்க வேண்டியது அது. பிறகு பாஸை ஏற்றாமலே வேன் போய்விட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாஸ் எம்பிலிப்பிட்டியவுக்குப் போனார். இரும்புக் கடையில் சக்கரங்கள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. முதல் சக்கரத்தை இழுத்துப்போட்டு, சட்டையின் கீழ்த் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, ஓட்டைக்குப் பக்கத்துக் கம்பியில் கட்டி எண்ணத் தொடங்கினார்.

"என்ன பாஸ், கண்ணுக்கு என்ன வந்துச்சு?" என்றான் கடைக்காரன்.

பாஸுக்கு எண்ணிக்கை தப்பியது. நூல் கட்டிய கம்பியில் திரும்ப விரலை வைத்தார்.

"ஒன்னு" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டு. மூணு."