வாயுலிங்கத்துக்கு ஆள் யார்?

1

இது திருட்டுக் கதை. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கிரிவலப் பாதையில் எனக்கு முன்னால் நடந்துபோன மூன்று பேரின் வாயிலிருந்து எடுத்தேன். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையைச் சுற்றுகிறேன். பக்தி கம்மி, பயம் ஜாஸ்தி. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளில் முன்னால் போகிறவர் பேசுவதெல்லாம் பின்னால் வருகிறவர் காதில்தான் விழும். காதைப் பொத்திக்கொள்ளும் நல்ல பழக்கம் எனக்கு இல்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

‘அருணை மலையின் உச்சியில் அதிகாலைப் பனி படர்ந்திருந்த வேளையில்...’

அடித்துவிட்டேன். மே மாதம். பனியாவது ஒன்றாவது, காலையிலேயே தார் ரோடு காலைச் சுட்டது. அடுத்தது:

‘ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடப்படும்...’

அதையும் அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை வாசனை. மூன்றாவது:

“அந்த ஃபிஜிக்காரனுக்கு நாமளே ஆயுசு குடுத்துட்டோம்ணே” என்றான் காசி.

இதுதான். இதைக் கேட்டுத்தான் என் கால் தானாக எட்டிப்போட்டது.

2

மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் நான் வைத்தவை.

காசி கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறான். முப்பது வயதிருக்கும். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது; அது என் அதிர்ஷ்டம். சகாதேவன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர். (இவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதையில் அரசு ஊழியர் வந்தால் ஏதாவது வாங்கவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இவர் வாங்கியது காசிக்கு ஓர் இளநீர். என்ன செய்ய, அப்படியே விட்டுவிட்டேன்.) மூன்றாவது மதிவதனி. கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். காசியை இவளோடு காதலில் தள்ளலாமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவன் வார்த்தைக்கு வார்த்தை ‘அக்கா’ என்கிறான், அவளுக்கோ கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கிழித்துப் போட்டேன்.

மூவரும் ‘சென்னை சூறாவளி’ என்ற ரக்பி அணியின் ரசிகர்கள். அணியின் பெயரும் நான் வைத்ததுதான். ஜூனில் சீசன் தொடங்குகிறது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் புகழேந்தி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ரக்பியா? திருவண்ணாமலையிலயா? யாரு நம்புவாங்க? கபடின்னு மாத்திடு.”

“அவங்க ரக்பிதாங்க பேசினாங்க.”

“கதைதானே எழுதுற?”

கதைதான். ஆனாலும் மாற்றமாட்டேன். அணியில் ஆடும் மாறன் கீழ்பென்னாத்தூர்ப் பையன். கபடி ஆடிக்கொண்டிருந்தவனை, இவன் ஓட்டத்துக்கு அந்தக் கட்டம் பத்தாது என்று யாரோ ரக்பிக்கு இழுத்துப் போனார்கள். அவன் மதிவதனியின் தம்பி. அவன் போனதால் ஊரில் பாதிப் பேருக்கு ரக்பி தெரியும். மீதிப் பேர் தெரிந்ததுபோல் பேசுவார்கள், நான் இப்போது செய்வதைப் போல.

3

அவர்களுடைய வழக்கத்தைச் சொன்னால்தான் காசியின் வருத்தம் புரியும்.

ரக்பியில் சூறாவளி ஆடும் வகைக்கு அணிக்கு ஏழு பேர். மலையைச் சுற்றி லிங்கம் எட்டு. சீசனுக்கு முன்னால் மூவரும் ஒருமுறை மலை சுற்றுவார்கள். ஒரு லிங்கத்துக்கு ஓர் ஆட்டக்காரன். அடுத்த லிங்கம் வரும்வரை அவனைப் பற்றி மட்டுமே பேச்சு: போன வருஷம் எப்படி, இந்த வருஷம் தேறுவானா, மாற்று ஆள் உண்டா. சன்னதியில் அவனுக்காக ஒரே ஒரு வேண்டுதல். தாண்டிவிட்டால் அவன் கணக்கு முடிந்தது, திரும்பிப் பேசக்கூடாது. வேகக்காரன் மாறனுக்கு வாயுலிங்கம். அதில் எந்த வருஷமும் தகராறு வந்ததில்லை.

ஏழு பேர் போக ஒரு லிங்கம் மிச்சம். யமலிங்கத்தில் தன் ஆளை நிறுத்த யாருக்கு மனசு வரும்? போன வருஷம் காசிக்கு ஒரு யோசனை உதித்தது. எதிரணியில் ஒரு ஃபிஜிக்காரன் எல்லாரையும் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அவனை யமலிங்கத்தில் நிறுத்தி, ‘இவனை நீயே பார்த்துக்கோ சாமி’ என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

சாமி பார்த்துக்கொண்டார். யமலிங்கத்தைக் கும்பிட்டால் ஆயுள் கெட்டி.* ஃபிஜிக்காரன் சீசன் முழுக்க ஒரு சிராய்ப்பு இல்லாமல் ஆடி, இறுதி ஆட்டத்தில் சூறாவளியைத் தூக்கிக் குப்புறப் போட்டுவிட்டுக் கோப்பையோடு விமானம் ஏறினான்.

“பலன் இன்னான்னு கேக்காம வேண்டினா இப்டித்தான்” என்றார் சகாதேவன்.

“நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கே போன மாசந்தான்டா தெரியும்.”

(* எந்த லிங்கத்துக்கு என்ன பலன் என்பதெல்லாம் சகாதேவன் சொன்னபடி. தப்பிருந்தால் அவரைக் கேளுங்கள்.)

4

ஒன்றை ஒளித்துவைத்துக் கடைசியில் போட்டு உடைக்கும் கதைகள் எனக்கு ஆகாது. அதனால் இப்போதே சொல்கிறேன். அந்த இறுதி ஆட்டத்தில் மாறன் கழுத்து மடங்கி விழுந்தான். ‘ரெஸ்ட் எடுத்துட்டான், தேறிட்டான்’ என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் சொன்னது வேறு: ஆடலாம், ஆனால் இன்னொரு முறை அதே இடத்தில் அடிபட்டால் கை விளங்காமல் போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆடுகிறானா இல்லையா என்று இன்று மதியத்துக்குள் அணிக்குச் சொல்லவேண்டும். மாறன் அந்த முடிவை அக்காவிடம் விட்டுவிட்டான். மதிவதனி அதைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறாள். கூட வரும் இருவருக்கும் தெரியாது.

இந்திரலிங்கம், அக்னிலிங்கம் இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. அங்கே அவர்கள் பேசிய முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருவரும் பலசாலிகள், அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. எழுதவேண்டியது அதற்கு நடுவில் காசி திரும்பத் திரும்பச் சொன்னது.

“யாரு எப்டி ஆடினாலும் மாறன் இருந்தா கப்பு நம்மளுது. இல்லன்னா நாலாவது எடம் கூட கெடையாது. இன்னாக்கா, நான் சொல்றது?”

ஒவ்வொரு முறையும் மதிவதனி “ம்” என்றாள். அவள் கண்களில் ஆயிரம் [இல்லை. நான் பின்னால் வந்தேன், கண் எங்கே தெரிந்தது? தெரிந்தது முதுகு மட்டும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.]

5

யமலிங்கத்துக்குச் சற்று முன்னால் சண்டை தொடங்கியது.

“இந்த வருசம் இங்க யார நிறுத்துறது?” என்றான் காசி. “மறுபடியும் எதிராளிய நிறுத்தினா அவன் நூறு வயசு இருப்பான்.”

“கோச்ச நிறுத்தலாம். வயசானவரு” என்றார் சகாதேவன்.

“அவரு ஆயுச வெச்சி நாம இன்னா பண்றது?”

மதிவதனி நின்றுவிட்டாள். நான் அவள்மேல் இடித்துக்கொள்ளாமல் தப்பி, பக்கத்திலிருந்த புளியமரத்தடியில் கால் முள்ளை எடுப்பதுபோல் குனிந்தேன். முள்ளெல்லாம் ஒன்றுமில்லை.

“மாறன இங்க நிறுத்துங்க” என்றாள்.

காசி சிரித்தான். “அவன் வாயுலிங்கம்க்கா. இங்க நிறுத்திட்டா அங்க யாரு? ஓட்டத்துக்கு வேண்ட வேணாமா?”

“ஓட்டம் இருக்கட்டும். ஆயுசு கேளுங்க.”

பிறகு சொன்னாள். கழுத்து, டாக்டர், மதியம், எல்லாவற்றையும். அழாமல், ரவிக்கைக்கு அளவு சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் மட்டும், “நேத்து ராத்திரி போன்ல ‘நீ சொல்றதுதான்க்கா’ன்னு வெச்சிட்டான். நான் எப்டிண்ணே சொல்லுவேன்?” என்று சகாதேவனிடம் கேட்டபோது குரல் உடைந்தது.

காசி மெதுவாகப் பேசினான். இந்தக் கதையில் அது ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“தெரியாம கப்பு கப்புன்னு கத்திட்டு வந்தேனேக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாய மூடிட்டு வந்திருப்பேன்ல?”

“நீயா?” என்றார் சகாதேவன்.

மதிவதனி சிரித்துவிட்டாள். சன்னதிக்குள் மூவரும் வரிசையாக நின்றார்கள். காசியின் வேண்டுதல் வெளியில் வரைக்கும் கேட்டது.

“சாமி, போன வருசம் அந்த ஃபிஜிக்காரனுக்குக் குடுத்தல்ல, அதுல பாதி எங்க பையனுக்குக் குடு. போதும்.”

“பாதி எதுக்குடா? முழுசா கேளு.”

“சரி, முழுசா குடு சாமி. கப்ப வேணும்னா நீயே வெச்சிக்க.”

வெளியில் நின்ற நானும் கை கூப்பிவிட்டேன். கதாசிரியர் கூப்பலாமா என்று கேட்காதீர்கள். கூப்பிவிட்டேன்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மாறன் ஆடுகிறான். கடைசி நிமிடத்தில் அதே ஃபிஜிக்காரனைத் தாண்டிப் பறந்து... (புகழேந்திக்கு இது பிடித்திருந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.)

முடிவு ஆ: மாறன் ஆடவில்லை. ஊருக்குத் திரும்பிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, எல்லாரும் நெகிழ்ந்து... (இருபத்து நாலு வயதுப் பையனை இவ்வளவு சீக்கிரம் நெகிழவைக்க எனக்கு என்ன உரிமை?)

முடிவு இ: டாக்டர் அறிக்கை மாறிப்போயிருந்தது, கழுத்தில் ஒன்றுமே... (வெட்கமாக இருக்கிறது. படிக்காததுபோல் தாண்டிவிடுங்கள்.)

நடந்ததையே எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். அடுத்த பெஞ்சில் நான், சர்க்கரை இல்லாத டீயோடு. மதிவதனி தம்பிக்குப் போன் போட்டாள்.

“சாப்ட்டியா? ... இன்னாது, இட்லியா? ... சரி, கேளு. நான் சொல்லமாட்டேன்டா. ஆடுன்னும் சொல்லமாட்டேன், வேணான்னும் சொல்லமாட்டேன். எது சொன்னாலும் நாளைக்கு நீ என் மூஞ்சியப் பாத்துட்டு இருப்ப. நீ சொல்லு. அப்பா மூஞ்சி, என் மூஞ்சி, எதையும் நெனைக்காத. காசி கூட கப்பு வேணாம்னுட்டான்.”

“ஆமாடா மாறா!” என்று காசி போனுக்குக் கேட்கும்படி கத்தினான். ஊருக்கே கேட்டது.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. ஆசையா இருந்தா ஆசையா இருக்குன்னு சொல்லு. உன் கழுத்துடா அது.”

அதற்குப் பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. சகாதேவன் எங்கோ பார்த்தார். காசி நகத்தைக் கடித்தான். கடைசியில் மதிவதனி “சரிடா தங்கம்” என்று சொல்லி, புறங்கையால் கண்ணைத் துடைத்து, சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

“இன்னாக்கா சொன்னான்?”

“நடங்க, நடங்க. வாயுலிங்கத்துல யார நிறுத்துறதுன்னு அங்க போய்ச் சொல்றேன்.”

மூவரும் எழுந்து போனார்கள்.

7

நான் எழவில்லை. கால் வலி என்று எழுதலாம், பொய். வாயுலிங்கத்தில் அவள் சொல்லப்போகும் பெயரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாறன் என்றால் ஜூன் முழுக்க டிவி முன்னால் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு பெயர் என்றால், ஓடவேண்டிய பையன் வீட்டில் உட்கார்ந்து அதே டிவியைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இரண்டுமே வேண்டும்: அவன் ஓடவும் வேண்டும், விழாமலும் இருக்கவேண்டும். முகம் தெரியாத பையன். காலையில் கிளம்பும்போது எனக்கு ரக்பியும் தெரியாது, அவனையும் தெரியாது.

அந்தச் சிரிப்பில் பதில் இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. ஆனால் தம்பி ஆடப்போகிறான் என்றாலும் அவள் அப்படித்தான் சிரித்திருப்பாள், ஆடவில்லை என்றாலும் அப்படித்தான். அவன் தன் வாயால் சொன்னான், அதற்கான சிரிப்பு அது.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் போங்கள். மூவரும் மெதுவாகத்தான் போகிறார்கள். காசி வழியெல்லாம் நின்று நின்று அக்காவைக் கெஞ்சுவான். கொஞ்சம் எட்டிப்போட்டால் வாயுலிங்கத்துக்கு முன்னால் பிடித்துவிடலாம். செருப்பை என்னிடம் விட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறேன். சுற்றி முடித்துவிட்டு ஆட்டோவில் வந்து எடுத்துக்கொள்ளலாம். அப்போது பெயரை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.