முன்னால் கிளம்பிய புடவை

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. கல்யாணப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டுக் கிளம்பின கதையைச் சொல்லப் போகிறேன். ஒரே காலையில் நாலு தடவை கிளம்பினாள். பயப்படாதீர்கள், அழவைக்கிற கதை இல்லை.

அவள் பெயர் புஷ்பவள்ளி. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வயது ஐம்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பாள், கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்துபோன மாதிரி. அவள் கடைக்குத் தங்கராசு என்று ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர், சொந்த ஊர் கீரப்பாளையம், சிதம்பரத்தில் விதை, உரம் விற்கிற கடை. ஏதோ நிலத்துப் பத்திரத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஆதார் கார்டை மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமும் வந்தார், மறந்தார். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை இல்லையா என்று கேட்பீர்கள். தெருவுக்கு நாலு இருக்கிறது. ஐந்தாவது தடவை அவர் கார்டை மறந்தபோது புஷ்பவள்ளிக்கு விஷயம் புரிந்தது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிதம்பரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் தாலி கட்டுவது என்று முடிவானது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் கட்டிவிட வேண்டும். முந்தின நாள் புஷ்பவள்ளி தன் அண்ணன் மகள் ரேகாவிடம் சொன்னாள்: "நாளைக்கு நடந்தா நடந்துது. தவறிப்போச்சுன்னா இன்னொரு நாள் பாக்கச் சொல்லாத. என்னால இன்னொரு வாட்டி மனச கூட்ட முடியாது." அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ரேகாவுக்குத் தெரியும்.

ரேகா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆறு மாதத்துக்கு முன்புதான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பாண்டிச்சேரியில் வாங்கியிருந்தாள். சிவப்பு நிறம், ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, கையால் கியர் போடுகிற வண்டி. தரையோடு தரையாகப் போவதால் தெருவே அதைத் தவளை என்றது. அதில் ஒரே ஒரு குணக்கேடு. குளிர் நாளில், விடிந்து முதல் ஓட்டத்தில் கியர் விழாது. முதல் கியர் முரண்டு பிடிக்கும். ரெண்டாவது கியரோ கர்ரென்று கத்தும். கியர் பெட்டியில் இருக்கிற எண்ணெய் ராத்திரிப் பனியில் கெட்டியாகிவிடுகிறது என்றார் மெக்கானிக் அய்யனார். நின்ற இடத்தில் இன்ஜினை உறும விட்டால் போதாது, பத்து கிலோமீட்டராவது ஓடினால்தான் அந்த எண்ணெய் இளகும், அதுவரைக்கும் ரெண்டாவது கியரை அதட்டாதே என்று சொல்லி அனுப்பினார்.

சொந்தக்காரர்கள் எல்லாம் ஆறு மணிக்கே வேனில் போய்விட்டார்கள். பெண் மட்டும் தன் காரில்தான் வரவேண்டும் என்று ரேகா ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். ஏழரை மணிக்கு அத்தையை ஏற்றி, கிளட்சை மிதித்து, முதல் கியரைத் தள்ளினாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். அந்த வண்டியில் முதல் கியருக்குப் பக்கத்து வீடு ரிவர்ஸ். கியர் கம்பி அங்கே போய் உட்கார்ந்தது. தவளை பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"பின்னால போச்சு," என்றாள் புஷ்பவள்ளி.

"ஒரு அடிதான் அத்தை."

"ஒரு அடியோ ஒரு மைலோ, பின்னால போனது போனதுதான். எறங்கு."

நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது சகுனம் தப்பினால் என்ன செய்வோம், உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். ரேகாவும் உள்ளே போனாள். ஆனால் ஓடுகிற வண்டியை அணைக்கவில்லை, இன்ஜினாவது சூடாகட்டும் என்று. அத்தை வாசற்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அது ஓடிக்கிட்டே இருக்குது பாரு. அப்புறம் எப்படி நாம திரும்பி வந்ததா ஆவும்? பழைய கிளம்பல்தான் இன்னும் நடக்குது. அணைச்சிட்டு வா."

அணைத்தாள். தண்ணீர் குடித்தார்கள். ஏழு ஐம்பதுக்கு மறுபடியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை முதல் கியர் விழுந்தது. தெருமுனை வந்ததும் ரெண்டாவது போட்டாள். தேங்காய்த் துருவியைக் கருங்கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய் நேரே மூணாவதுக்குத் தாவினாள். அந்த வேகத்துக்கு மூணாவது தாங்குமா? இன்ஜின் இருமி, குலுங்கி, நின்றேவிட்டது. நடுவழியில் நின்றது பின்னால் போனதைவிட மோசம் என்று அத்தை தீர்ப்பு சொன்னாள். திரும்பி வந்தார்கள். அணைத்தார்கள். தண்ணீர்.

மூன்றாம் தடவை எட்டு பத்துக்கு. எதிர்வீட்டு ஆரோக்கியம்மாளுக்கு மூட்டுவலி, அதனால் வேனில் போகவில்லை, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முதல் கல்யாணப் பத்திரிகையே அவளுக்குத்தான் போனது. இருந்தும் வாய்ப்பழக்கம் விடுமா? கார் நகருகிற நேரம் பார்த்துத் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"எங்க புஷ்பா, பட்டுப்புடவையெல்லாம் கட்டிக்கிட்டு?"

கிளம்புகிறவளைப் பார்த்து எங்கே என்று கேட்டாகிவிட்டது. ஆரோக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு, தான் கேட்கவேயில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, புஷ்பவள்ளி தானே கதவைத் திறந்து இறங்கிப் போனாள்.

ரேகா வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தபோது அத்தை சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டம்ளர் நிறையத் தண்ணீர். குடிக்கவில்லை. சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது, வண்டி மட்டும் சண்டித்தனம் பண்ணவில்லை என்று.

"அவுங்க வீட்டுல தண்ணி எந்த டம்ளர்ல குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது ரேகா," என்றாள் புஷ்பவள்ளி. "சக்கரை டப்பா எங்க இருக்கும்னு தெரியாது. அவரு பொண்டாட்டி அடுக்கி வச்ச வீடு. ஐம்பத்தி நாலு வயசுல போயி, இது எங்க இருக்குது, அது எங்க இருக்குதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

ரேகாவின் போன் அடித்தது. தங்கராசுதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கியர் விழ மாட்டேங்குது மாமா," என்றாள் ரேகா.

அதுநாள் வரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். பதற்றத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அவரும் அப்போதே அவளைப் பாப்பா ஆக்கிவிட்டார்.

"நான் எங்க போவப் போறேன் பாப்பா. பத்தரை ஆனா ஆவட்டும். ராகு காலத்துலயே கட்டுறேன். அவுங்கள பதறாம வரச் சொல்லு."

புஷ்பவள்ளி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ராகு காலத்துல தாலி கட்டுவீங்களா? விதைய எந்த நாள்ல வேணும்னாலும் போடுவீங்களா? பூசாரிகிட்ட எதையும் உளறி வைக்காதீங்க. அங்கயே இருங்க, வரேன்."

டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். எழுந்து போய்க் கூறைப்புடவைப் பையை எடுத்து வந்து ரேகாவின் கையில் வைத்தாள். நல்ல நேரத்துக்குக் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பொருள் ஒன்றை முன்னால் அனுப்பி வைப்பது உண்டில்லையா? பொருள் போய்விட்டால் ஆளும் போன மாதிரி. பரஸ்தானம் என்பார்கள். அதுதான். இந்தப் புடவையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, பின்னால் போகட்டும், முட்டி நிற்கட்டும், யார் வேண்டுமானாலும் எங்கே என்று கேட்கட்டும், புடவை தாங்கிக்கொள்ளும் என்றாள்.

"பொருளை வேற யாரு வீட்டுலயாவதுதானே வைக்கணும்?"

"கார்லயும் கதவு இருக்குது, கூரை இருக்குது. போதும் போ."

பையை சீட்டில் வைத்ததும், பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்துக் கார் கீங்கீங் என்று கத்தியது. ரேகா புடவைக்கு பெல்ட் போட்டுவிட்டாள். திருவந்திபுரம் போய் வரும்வரை ரெண்டாவது கியரைத் தொடவேயில்லை. முதல் கியரிலேயே உருட்டி மெல்ல மூணாவதுக்குப் போனாள். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனில் திட்டினார். கோயில் வளைவில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி, தெருமுனைக்கு வந்ததும் பயந்து பயந்து ரெண்டாவது போட்டாள். பழகின வீட்டுக்குள் பூனை நுழைகிற மாதிரி, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ரேகா அந்தப் புடவைப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

எட்டு ஐம்பதுக்கு வாசலில் அத்தை தயாராக நின்றாள். ஆரோக்கியம்மாள் தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பியது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பூனை குறுக்கே ஓடியது. ரேகா வேகத்தைக் குறைத்து அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னை என்னா பாக்குற?" என்றாள் அத்தை, மடியில் இருந்த பையைத் தடவியபடி. "நாம எட்டரைக்கே கிளம்பிட்டோம். அது பூனைக்குத் தெரியாது, பாவம். ஓட்டு."

சிதம்பரத்தில் கோயில் வாசலுக்குப் போனபோது மணி பத்து ஏழு. தங்கராசு செருப்பில்லாமல் ரோட்டுக்கே வந்து நின்றார். கதவைத் திறந்தார். ஆனால் தவளையின் சீட்டு தரையை ஒட்டி இருக்கிறதே, பட்டுப்புடவையோடு எப்படி எழுந்திருப்பது? புஷ்பவள்ளி ஒரு தடவை முயன்றாள், முடியவில்லை. ரெண்டாவது தடவை பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களே தவிர, யாரும் கிட்டே வரவில்லை. தங்கராசு குனிந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

தாரை வார்ப்பதற்கு முன்பே மாப்பிள்ளை கையைப் பிடித்துவிட்டாரே என்று பூசாரி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கராசு கூச்சப்பட்டுப் பிடியைத் தளர்த்தப் பார்த்தார்.

"விடாதீங்க," என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக. "விட்டா மறுபடியும் உள்ள உக்காந்துருவேன்."

அவர் விடவில்லை. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது.

அவ்வளவுதான் கதை, கண்ணுங்களா. உங்கள் வாசலில் எந்த நேரமும் விருந்தாளிச் செருப்பு ரெண்டு ஜோடி கூடுதலாகக் கிடக்கட்டும். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று நினைக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.