ருக்கையா யாரிடம் கற்றாள்?

“பொன்னி!”

வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி மங்கலம் டீச்சர் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த வாரத்தில் அவள் வராதது இது ஐந்தாவது நாள்.

“உ... உ... உள்ளேன் அம்மா” என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கண்ணை இறுக்கி மூடி, தாடை துடிக்க, அச்சு அசலாகப் பொன்னியைப் போலவே சொன்னவள் ருக்கையா. ஐந்தாம் வகுப்பு முழுவதும் குலுங்கிச் சிரித்தது.

டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டினார். சிரிப்பு அடங்கியது. ஆனால் அவர் மனத்தில் கோபம் அடங்கவில்லை. அது ருக்கையாவின் மேல் இல்லை, அவளைப் பெற்றவர்கள் மேல். திருப்பாதிரிப்புலியூரில் பதினோரு வருடமாக அவர் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் கெட்டுப்போனால் அதற்கு வீடுதான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. மணி அடித்ததும் பொன்னியின் வீட்டுக்குப் போனார். மல்லாட்டைக் கடலை உடைக்கிற வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள் தாய் மாரியம்மாள்.

“திக்குவாய்னு கேலி பண்றாங்களாம் டீச்சர். இப்ப வூட்லகூட வாயத் தொறக்க மாட்டேங்குது. செதம்பரத்துல என் நாத்தனாருக்குக் கொழந்த பொறந்திருக்கு. பாத்துக்கட்டும்னு அங்க அனுப்பிட்டேன்.”

“கணக்குல அவதான் முதல் மார்க்கு, மாரியம்மா. படிப்ப நிறுத்தலாமா?”

“அது வரேன்னு சொன்னா கூட்டியாங்க. நான் வேணாம்னா சொல்றேன்?”

அங்கிருந்து நேரே ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஹபிபுல்லாவின் தையற்கடைக்கு நடந்தார் டீச்சர். ருக்கையாவின் தகப்பனார் அவர். தீபாவளிக்கு இன்னும் எட்டே நாள். கடை நிறைய துணி, பெஞ்சு நிறைய ஆட்கள். காது மந்தமான ஒருவர் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு இறங்கிப் போனதும், ஹபிபுல்லா கையைக் காதில் குவித்து, அவரைப் போலவே “ஆங்? என்னா?” என்றார். பெஞ்சே அதிர்ந்தது. பட்டன் தைத்துக் கொண்டிருந்த ருக்கையா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். டீச்சரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“உங்க பொண்ணு எங்க கத்துக்கிட்டாள்னு இப்பத்தான் தெரியுது, பாய்” என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னார்.

ஹபிபுல்லாவுக்கு முகம் சிவந்தது. “பள்ளிக்கூடத்துல நடக்கறத டீச்சருங்கதானே பாக்கணும்? மொத தடவ செஞ்சப்பவே நீங்க கண்டிச்சிருந்தா...”

“கண்டிச்சேன்” என்றார் டீச்சர், சற்று வேகமாகவே. அவர் பார்வை வேறு பக்கம் போயிற்று. “இப்ப அந்தப் பொண்ணு படிப்பையே விட்டுட்டுச் சிதம்பரம் போயிட்டா.”

ஹபிபுல்லாவின் கையிலிருந்த கத்தரி துணியின் நடுவிலேயே நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா இப்படிச் செஞ்சே?”

ருக்கையாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “நீங்க செஞ்சா எல்லாரும் சிரிக்கிறாங்களே அத்தா!”

ஹபிபுல்லா கத்தரியைக் கீழே வைத்தார். “நாளைக்குக் கடைக்கு லீவு” என்றார்.

“பாய், தீபாவளித் துணி!” என்று பதறினார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

“துணி ஒரு நாள் பொறுக்கும். டீச்சர், நீங்களும் வாங்க. எனக்கு அந்தப் பொண்ணத் தெரியாது.”

மறுநாள் காலை மூவரும் பாசஞ்சரில் சிதம்பரம் போய் இறங்கினார்கள். விசாரித்துக்கொண்டு அத்தை கொளஞ்சியம்மாளின் வீட்டை அடைந்தபோது, இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்த பொன்னி, ருக்கையாவைக் கண்டதும் கதவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஹபிபுல்லா உள்ளே போய், அவள் உயரத்துக்குத் தரையிலேயே உட்கார்ந்தார்.

“எம்மாடி, இவ இத எங்கிட்டதான் கத்துக்கிட்டா. ஊர்ல எல்லாரும் பேசறத நான் பேசிக் காட்டுவேன். சிரிக்கறவங்களத்தான் பாப்பேன், யாராச்சும் அழுவறாங்களான்னு ஒருநாளும் பாத்ததில்ல. தப்பு எம்மேல. மன்னிச்சுக்கம்மா.”

நாற்பது வயது மனிதர் பத்து வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துக் கொளஞ்சியம்மாள் படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். தகப்பனார் தலைகுனிந்து ருக்கையா பார்த்ததே இல்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

பொன்னி எதையோ சொல்ல முயன்றாள். உதடு நடுங்கியது. யாரும் அவளுக்காக அந்த வார்த்தையை முடிக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“டீ... டீ... டீச்சரும் சி... சிரிச்சாங்க.”

மங்கலம் டீச்சருக்கு உடம்பு முழுவதும் கூசியது. உண்மைதான். ருக்கையா முதல்முதலில் பொன்னியைப் போலப் பேசிக் காட்டிய அன்று, பதிவேட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு கணம் சிரித்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். பார்க்கக் கூடாதவள் பார்த்திருக்கிறாள்.

“ஆமா பொன்னி, சிரிச்சேன். அன்னிக்குக் கண்டிக்கவும் இல்ல. பாய்கிட்ட நேத்துப் பொய் சொன்னேன். நீயும் என்ன மன்னிக்கணும்.”

ஹபிபுல்லா நினைத்திருந்தால் அந்த இடத்தில் டீச்சரைக் குத்திக் காட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. “விடுங்க டீச்சர். சொல்லிட்டீங்க இல்ல, அது போதும்” என்றார்.

பொன்னி குழந்தையை அத்தையிடம் கொடுத்தாள். “வ... வரேன். ஆனா நா... நான் பேசி முடிக்கற வரைக்கும் எ... எல்லாரும் பொறுத்து இருக்கணும்.”

“இருப்பாங்க” என்றார் டீச்சர்.

பொன்னி வகுப்புக்குத் திரும்பினாள்; சொன்னபடியே எல்லாரும் பொறுத்து இருந்தார்கள். ருக்கையா ஒரே நாளில் மாறிவிடவில்லை. வாய் வரைக்கும் வந்ததை உதட்டைக் கடித்து அடக்கிய நாட்கள் உண்டு. ஹபிபுல்லாவோ தீபாவளித் துணியைத் தாமதமாகக் கொடுத்து ஊரிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். அந்தத் திட்டையே கதையாக்கி, தன்னையே கேலி செய்து பெஞ்சைச் சிரிக்க வைத்தார். அதற்குப்பிறகு அந்தக் கடையில் அவர் வேறு யாரைப் போலவும் பேசிக் காட்டி எவரும் கேட்டதில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும், ஒரு மாணவனைப் பற்றிப் புகார் வந்தது. “எல்லாம் வீட்டு வளர்ப்பு. பெத்தவங்களக் கூப்பிட்டு ரெண்டு வார்த்த சொன்னாத்தான் சரிப்படும்” என்றார் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் தேவசகாயம்.

மங்கலம் டீச்சர் எழுந்து நின்றார்.

“கூப்பிடுவோம் சார். அதுக்கு முன்னாடி, நாம என்ன செஞ்சோம்னு ஒருதடவ யோசிச்சுக்குவோம். வீட்டுல பாக்கறதப் புள்ளைங்க இங்க வந்து செஞ்சு பாக்குதுங்க. இங்க நாம சிரிச்சா, அது சரின்னு நெனச்சுக்குதுங்க. பெத்தவங்க, டீச்சருங்க ரெண்டு பேருக்கும்தான் சார் பொறுப்பு. யாரு மொதல்ல ஒத்துக்கறாங்கங்கறதுதான் கேள்வி. அந்தத் தையக்காரர் எனக்கு முன்னால ஒத்துக்கிட்டார்.”