ஆறு மணி வரை நாலாம் நம்பர்

மதியம் மூன்று மணிக்கு ஹார்லன் பிக்கப் வண்டியை, பின்னால் மாட்டியிருந்த, நாங்கள் தங்குகிற டிரெய்லரோடு, நாலாம் நம்பர் இடத்துக்கு எதிரே ஓரங்கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். கைகளை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். தேவாலயத்தில் பிரசங்கம் எப்போது முடியும் என்று காத்திருக்கிறவன் மாதிரி.

"ஆறு மணிக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு," என்றேன்.

"எனக்கும் மணி பாக்கத் தெரியும், ஆர்லிஸ்."

ஏரிக்கரை முகாமில் இருந்த முப்பது இடங்களில் நாலாம் நம்பர் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. மேடு பள்ளம் இல்லாமல் சிமென்ட் போட்ட தரை, கழிப்பறைக்கு இருபதடி, தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில். பலகையில் விதி எழுதியிருந்தது. மாற்றுத்திறனாளி என்று காட்டும் நீல அட்டையை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருப்பவர்கள் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற இடமெல்லாம் நிரம்பி, ஆறு மணி வரை அட்டைக்காரர் யாரும் வரவில்லையென்றால், உடல் நலமாக இருப்பவர்களும் தங்கலாம். ஆனால் ஒரே ஒரு இரவு.

அன்று மற்ற இடமெல்லாம் நிரம்பித்தான் இருந்தது. முந்தின நாள் நாங்கள் தங்கிய இருபத்து மூன்றாம் நம்பருக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். போனது நல்லதுதான். சரிவெல்லாம் வேர் முண்டிக்கொண்டிருக்கும் இடம் அது. காலையில் தண்ணீர்க் கேனோடு வந்த ஹார்லன் அங்கேதான் விழுந்தான். தூக்கிவிடப் போன என் கையைத் தட்டிவிட்டு, தானே எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, "டிரெய்லரை வித்துடலாம்," என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் புருஷனை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. மார்ச் மாதம் சர்க்கரையால் அவன் இடது பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். பூட்ஸுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு நடப்பான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து சமையலறை நாற்காலிதான், ஜன்னல்தான், சாலையில் போகிற வண்டிகள்தான். இந்த மூன்று நாளுக்கு அவனைக் கிளப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கே வீடு திரும்பினால் அந்த நாற்காலியை விட்டு இனி எழுந்திருக்கவே மாட்டான்.

அட்டை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, தபாலில் வந்து, டாஷ்போர்டு டப்பாவுக்குள் டயர் காற்றுமானிக்கு அடியில் கிடந்தது. "அது நிஜமா முடியாதவங்களுக்கு," என்று அன்றைக்கே உள்ளே தள்ளி மூடிவிட்டான். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். ஒரு கப் காப்பி கொடுத்தால்கூட மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள்.

முகாமைப் பார்த்துக்கொள்கிற லவான் மதியமே வந்து கேட்டாள். "நீல அட்டை இருந்தா இப்பவே உள்ள விடலாமே?"

"அப்படி எதுவும் இல்ல," என்றான் ஹார்லன். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஆக, உடல் நலமுள்ள மனுஷர்களாக ஆறு மணிக்குக் காத்திருந்தோம். முட்டை சான்ட்விச் சாப்பிட்டோம். ஒவ்வொரு வண்டி வளைவில் திரும்பும்போதும் கண்ணாடியில் நீலம் தெரிகிறதா என்று இரண்டு பேருமே பார்த்தோம், பார்க்காத மாதிரி.

ஆறுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ஒரு வேன் வந்தது. கண்ணாடியில் நீலம். பக்கவாட்டில் சரிவுப்பலகை இறங்கியது. சிவப்புத் தொப்பி போட்ட பெண், ஐம்பது வயது இருக்கும், சக்கர நாற்காலியில் தானே உருட்டிக்கொண்டு இறங்கினாள். முடிந்தது, நாலு மணி நேரம் ஓட்டி வீட்டுக்கு.

ஹார்லன் இறங்கினான். உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போய், கதவைப் பிடித்து, நொண்டி நொண்டி அவளிடம் போனான். லவானும் தன் சின்ன வண்டியில் வந்து சேர்ந்தாள்.

"வாங்க வாங்க. உங்க இடம் காலியாத்தான் இருக்கு," என்றான். "மதியத்திலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நீங்க யாரு, காவக்காரரா?"

"நானா? ஆறு மணி வரைக்கும் யாரும் வரலைன்னா எனக்குன்னு…"

"நான் தங்க வரலைங்க. நாலு மீன் பிடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்." அவள் கண் கீழே இறங்கியது. "இடது கால்ல என்ன, விரலா, பாதமா?"

மார்ச்சிலிருந்து ஒருத்தர் கேட்டதில்லை இதை. தேவாலயத்தில் எல்லோரும் "நல்லாத்தானே இருக்கே, ஹார்லன்" என்பார்கள்.

"பாதிப் பாதம்," என்றான்.

"அட்டை குடுக்கலையா?"

"குடுத்தாங்க."

லவான் திடீரென்று வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

"நிஜமா முடியாதவங்க யாராச்சும் வந்தா…" என்று இழுத்தான்.

"வந்துட்டேனே. எனக்கு வேணாம்னும் சொல்லிட்டேனே. நீங்க வண்டிக்குள்ள உக்காந்து முட்டை சான்ட்விச் தின்னா என் காலு எழுந்து நடந்துடுமா?" தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தாள். "எனக்கு வேணுங்கிற அன்னிக்கு நானே கேப்பேன். நல்லா சத்தமாவே கேப்பேன். மீசையில முட்டை இருக்கு, தொடைங்க."

மீசையைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கால் மணி நேரம் பொறுத்தால் அட்டையே வேண்டாம், ஒரு இரவு கிடைத்துவிடும். எனக்கு அவனைத் தெரியும், பொறுப்பான் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, என் முழங்காலுக்கு மேலே குனிந்து டப்பாவைத் திறந்தான். காற்றுமானி என் கால்மேல் விழுந்தது. அட்டையை எடுத்துக் கண்ணாடியில் மாட்டினான்.

"தலைகீழா மாட்டியிருக்கீங்க," என்று அங்கிருந்தே கத்தினாள் அந்தப் பெண்.

லவான் படிவத்தோடு வந்தாள். "எத்தனை நாள்?"

அவன் என்னைப் பார்த்தான். "வியாழன் வரைக்கும்," என்றேன்.

"மத்தியானம் அட்டை இல்லைன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்," என்றான். காது சிவந்துவிட்டது.

"அதை எழுத இதுல கட்டம் இல்ல," என்று லவான் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்தினோம். அந்தச் சிமென்ட் தரையில் ஒரே தடவையில் நேராக நின்றது, அடியில் கட்டை வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சாமான் இறக்குகிற சாக்கில் டிரெய்லருக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். உருளைக்கிழங்கும் கறியும் சூடு பண்ணினேன். அவன் இரண்டு தடவை போட்டுக்கொண்டான், முதல் தடவையே வேண்டாம் என்று சொல்லாமல்.

மறுநாள் காலை காப்பியோடு வெளியே வந்தபோது ஹார்லன் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸும் சாக்ஸும் பக்கத்தில் கிடந்தன. இடது கால் வெயிலில் நீட்டியிருந்தது, வெளுத்து, நிலவறையில் முளைவிட்ட கிழங்கு மாதிரி. பக்கத்து இடத்துக்காரர்கள் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அவனும் சொன்னான், காலை மடக்கவில்லை. தையல் போட்ட தழும்பின்மேல் ஒரு நீலத் தும்பி உட்கார்ந்திருந்தது.

காப்பியை நீட்டினேன்.

"ஷ்ஷ்," என்றான். "அசையாதே."