மொட்டை மாடிக்கு ஒரு வாய்தா

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினருக்கு அலுவலகத்தார் வைத்திருந்த பெயர் ‘ஒத்திவைப்பு’. யார் எழுந்து நின்று எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றுவார், மூக்கில் அது பதித்த தடத்தைத் தேய்ப்பார், “அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்படுகிறது” என்பார். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயை அகலத் திறந்தபடியே இதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார் என்றும், டாக்டர் மிரண்டுபோய் வேறு தேதி கொடுத்துவிட்டார் என்றும் அலுவலகத்தில் சத்தியம் செய்வார்கள்.

ஆள் கெட்டவர் இல்லை, களைத்தவர். பதவியில் உட்கார்ந்த அன்று அவருக்கு முடி இருந்தது. மேஜையில் இருந்த மாடி சோலார் வழக்கின் கோப்பு அன்று தலையணை உயரம். இப்போது முடி போய்விட்டது. கோப்போ, அதன் மேல் ஏறி நின்றால் ஒட்டடை அடிக்கலாம் என்ற அளவுக்கு வளர்ந்திருந்தது.

வழக்கு சிக்கலானதே அல்ல. மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள், தாங்கள் செலவழித்தது போக மிஞ்சிய மின்சாரத்தைத் தெருக்கம்பிக்கே திருப்பி அனுப்பலாமா? அனுப்பினால் அதை பில்லில் கழிக்கலாமா? மக்கள் ‘ஆம்’ என்றார்கள். ஊரின் கிழக்கே பழைய அனல் மின் நிலையத்தை ஓட்டிக்கொண்டு, ஊர் முழுக்கக் கரித்தூளை இலவசமாக விநியோகித்து வந்த மின் நிறுவனம் ‘யோசிக்க வேண்டும்’ என்றது. அந்த யோசனையிலேயே இரண்டு உறுப்பினர்கள் ஓய்வு பெற்றார்கள். ஒவ்வொருவர் போகும்போதும், புதிதாக வருபவர் வழக்கை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்பது சட்டம். இப்போது நம் உறுப்பினரின் முறை. இந்த வாரத்தோடு அவருக்கும் ஓய்வு. இன்று கையெழுத்து விழாவிட்டால் எல்லாம் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

“இது ஒண்ணையாவது முடிச்சிட்டுப் போயிடணும்” என்று காலையில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார். மனைவி ஏதோ பதில் சொன்னாள். அதை அவர் வழக்கம் போல, “சரி, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று ஒத்திவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். இருட்டுவதற்குள் வீடு திரும்பியதாக அவர் வாழ்க்கையில் சரித்திரம் இல்லை. அவருக்குத் தன் வீடு என்றாலே ஒரு பல்பும் ஒரு தட்டும் ஒரு தலையணையும்தான்.

விசாரணை மண்டபத்தில் மூன்று நாற்காலிகள். ஒன்று நெடுங்காலமாகக் காலி, அதில் பழைய மின்விசிறி ஒன்று துடைக்காத தூசியோடு உட்கார்ந்திருந்தது. நடு நாற்காலியில் தலைவி. எதற்கும் பதறாத அம்மாள், பதறினால் கொட்டாவி விடுவாள். மூன்றாவதில் நம் ஆள். உத்தரவு செல்லுபடியாக இந்த இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

எதிரில் மின் நிறுவனத்தின் வக்கீல். இவருக்கும் பட்டப்பெயர் உண்டு, ‘அவகாசம்’. “கால அவகாசம் வேண்டும்” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்ததைக் கேட்டவர் கிடையாது. அவர் கேட்பார், நம்மவர் ஒத்திவைப்பார். தாலி கட்டிய ஜோடி போல இருவரும் இத்தனை காலம் குடித்தனம் நடத்திவிட்டார்கள்.

பார்வையாளர் பெஞ்சுகளில் ஒரு தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருத்தி வெள்ளைத் தலையணை உறையை விரித்துப் பிடித்திருந்தாள். அது வெள்ளை என்று அவள் சொன்னதால்தான் தெரிந்தது.

“நேத்து துவைச்சுக் காயப்போட்டதுங்க. அந்தப் புகைக்கூண்டு பண்ண வேலை.”

தலைவி கொட்டாவி விட்டாள். “இன்னைக்கு உத்தரவு. வக்கீல் ஏதாவது சொல்லணுமா?”

அவகாசம் எழுந்தார். மண்டபமே சேர்ந்து முணுமுணுத்தது: “கால அவகாசம் வேண்டும்.”

“இல்லை” என்றார் வக்கீல். மேலே பல்லி கூட அசைவதை நிறுத்திவிட்டது. “ஒரு சின்ன ஆட்சேபம். மாண்புமிகு உறுப்பினர் இந்த வழக்குல உட்காரக் கூடாது. இந்த உத்தரவு வந்தா அவர் வீட்டுக்கே ஆதாயம். அவங்க மாடியில சோலார் பேனல் இருக்கு. கம்பியில இணைக்கச் சொல்லி மனுவும் நிலுவையில இருக்கு.”

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். “என் வீட்டு மாடியிலயா?”

“உங்க வீட்டு மாடியிலதான் ஐயா.”

“நான் பார்த்ததே இல்லையே!”

பெஞ்சுகளில் சிரிப்பு வெடித்தது. தலைவி கூட விழித்துக்கொண்டாள். “இத்தனை நாளா ஏன் வக்கீல் இதைச் சொல்லல?”

“சொல்றதுக்கு அவகாசம் கிடைக்கலம்மா.”

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல். “மனு போட்டது நான்தாங்க.”

உறுப்பினருக்கு அந்தக் குரல் தெரியும். தினமும் தட்டை வைக்கும்போது கேட்கிற குரல். மனைவி எழுந்து நின்றிருந்தாள், காலையில் உடுத்திய அதே சேலையில். தன் தெருக்காரர்களோடு பேருந்தேறி வந்திருக்கிறாள்.

“நீ ஏன் எங்கிட்ட சொல்லல?” மேடை என்பதை மறந்து கேட்டுவிட்டார்.

“சொல்லாம? ஏணி வாங்கினப்ப சொன்னேன். ஆள் வந்து மாட்டினப்ப சொன்னேன். துணிக்கொடியைக் கழட்டினப்ப அழுதுட்டே சொன்னேன். இன்னைக்குக் காலையிலயும் சொன்னேன். நாலு தடவையும் அடுத்த வாரம் பார்ப்போம்னுதானே சொன்னீங்க, ஐயா?”

அந்த ‘ஐயா’வில் மண்டபம் குலுங்கியது. உறுப்பினர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். இத்தனை வருஷம் ஊராரின் கேள்விகளை ஒத்திவைத்த வாய், சொந்த மாடியையே ஒத்திவைத்திருக்கிறது. இப்போது அவர் எழுந்து போனால் ஒரு கையெழுத்துதான் மிஞ்சும். உத்தரவு செல்லாது. புதியவர் வருவார். கோப்பு இன்னொரு ஆள் உயரம் ஏறும். தலையணை உறைக்காரி அடுத்த உறையைக் கொண்டு வருவாள்.

கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். “நான் விலகிக்கறேன்” என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“இருங்க” என்றாள் மனைவி. “நான் மனுவை வாபஸ் வாங்கிட்டா?”

அவகாசம் திகைத்தார். தலைவி முன்னால் சாய்ந்தாள். “வாங்கலாம். ஆனா நாளைக்கே மறுபடி போடக் கூடாதும்மா. இந்த விதிப்படி உங்க வீட்டுக்கு எப்பவுமே இணைப்பு கேக்க மாட்டேன்னு எழுதித் தரணும். பேனல் சும்மா கிடக்கும்.”

“அப்ப எங்க தெருவுக்கு?”

“தெருவுக்குக் கிடைக்கும்.”

அவள் ஒரு நொடி யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பேனல்களுக்காக அவள் தன் வளையல்களை விற்றிருந்தாள். அது உறுப்பினருக்கு இப்போதுதான் புரிந்தது, கை வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது. அதையும் அவர் பார்க்காமலேயே இருந்திருக்கிறார்.

“பேனா குடுங்க” என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். வக்கீல் கடைசி முயற்சியாக, “இதைப் படிச்சுப் பார்க்க எங்களுக்குக் கால அவகாசம்...” என்று ஆரம்பித்தார். எல்லாரும் உறுப்பினரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ‘ஒத்திவைக்கப்படுகிறது’ அவர் நாக்கு நுனி வரை ஓடி வந்து நின்றது, வாலை ஆட்டிக்கொண்டு.

“முடியாது” என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். பிறகு தலைவியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். போட்டு முடித்ததும் சந்தோஷம் எதுவும் வரவில்லை, தோள் இரண்டும் கனத்தன. பெஞ்சுகளில் தெருவே கைதட்டியது. அவருக்குத் தூக்கம்தான் வந்தது.

அன்று வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார். தன் வீட்டுச் சுவர் மஞ்சள் நிறம் என்பது அன்றுதான் தெரிந்தது. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆட்சேபம் எழுப்ப, மாடி ஏறினார். பேனல்கள் வரிசையாகச் சாய்ந்து படுத்திருந்தன, அவரைவிடச் சுறுசுறுப்பாக. மனைவி அவற்றின் கால்களிலேயே கயிறு கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பேனல் மேல் விரலை இழுத்தார். கருப்பு.

“இந்தக் கரி எப்பங்க நிக்கும்?” என்றாள் மனைவி.

“அதுக்குத் தனியா ஒரு மனு வரணும். அப்புறம் ஆட்சேபம் கேக்கணும். அதுக்கு அப்புறம் விசாரணை...”

“போதும், வாயை மூடுங்க.”

மூடினார். ஈரத்துணி ஒன்றை எடுத்து, எதற்கும் உதவாத பேனலைத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஓடாததுக்கு எதுக்குத் துடைக்கறீங்க?” என்றாள். பிறகு, அவரைப் பார்க்காமலே, “பேட்டரி ஒண்ணு வெச்சா கம்பியே வேணாமாம். நம்ம வீட்டுக்கு மட்டும் ஓடுமாம். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னார்.”

தெரு முழுக்க யார் யாரோ மாடிகளில் சுத்தியல் அடிக்கும் சத்தம். உறுப்பினர் துணியைப் பிழிந்தார்.

“கடை எங்க இருக்கு?”

அவள் கையில் இருந்த துணிக்கிளிப் கீழே விழுந்தது. “நாளைக்குப் போகலாமே, களைச்சுப் போய் வந்திருக்கீங்க.”

“என்னம்மா, ஒத்திவைக்கிறியா?”

இறங்கும் வழியில் ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவள் மேல்படியில் காத்து நின்றாள். பிறகு எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தேடிக் கீழே போனார்.