தொட்டி மல்பெரி

ராஜபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இம்ரானுக்கு முப்பத்திரண்டு வயது வரை சொந்தமாக ஒரு செடிகூட இருந்ததில்லை. ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், நர்சரி வாசலில் முழங்கால் உயரத்துக்கு நின்ற தொட்டி மல்பெரியைப் பார்த்தான். கிளையில் நாலு கறுப்புப் பழம். வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்துவிட்டான்.

கடை வாசலில் வெயில் படும்படி வைத்தான். கேமரா மாற்றிய போன் எதுவானாலும் அந்தச் செடியைத்தான் படம் எடுத்துப் பார்ப்பான். பார்த்ததும் அழித்துவிடுவான். பக்கத்து டீக்கடை காதர், "ஏலே, கல்யாணப் பொண்ணக்கூட இம்புட்டு போட்டோ எடுக்க மாட்டாங்களே!" என்று சிரிப்பார்.

மூன்றாம் மாதம் செடி வாடத் தொடங்கியது. நுனி இலைகள் சுருண்டு கறுத்தன. தண்ணீரைக் கூட்டினான், குறைத்தான், நிழலுக்கு நகர்த்தினான். ஒன்றும் நடக்கவில்லை. தன் கைக்கு ராசியில்லை என்று முடிவு செய்து, படம் எடுப்பதையும் விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வேகமாகக் கடைக்குள் வந்தாள். போன வாரம் கேமரா மாற்றிக்கொண்டு போன யுவராணி. சோழபுரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவள்.

"பாய், எம் போன்ல ஒரு செடி படம் இருக்கு. உங்களுதா?"

இம்ரான் திரையை எட்டிப் பார்த்தான். கடைசியாக எடுத்த படத்தை அழிக்க மறந்திருக்கிறான். "மன்னிச்சிருங்க. டெஸ்டுக்காக எடுத்தது."

"அதுக்கு வரல. இதப் பாருங்க." படத்தை விரலால் பெரிதாக்கினாள். சுருண்ட கொழுந்துக்குள் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. "மாவுப்பூச்சி. எங்க மல்பெரித் தோட்டத்துலயும் வரும். செடி எங்க?"

காட்டினான். அவள் குனிந்து இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். "வேரு நல்லாத்தான் இருக்கும். கத்திரி இருக்கா? நுனியெல்லாம் வெட்டி எரிச்சிருங்க. மிச்ச இலையயும் உருவிருங்க."

"மொத்தமாவா? செத்துராதா?"

"மல்பெரி வெட்ட வெட்டத்தான் துளுக்கும் பாய்."

கடைக் கத்திரியால் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டி, இலைகளையும் உருவினான். முடித்தபோது தொட்டியில் ஐந்து குச்சிகள்தான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் குச்சியில் பச்சைப் புள்ளிகள். அடுத்த வாரம் தளிரோடு, முள்முள்ளாகச் சின்னப் பிஞ்சுகள். இம்ரான் படம் எடுத்து யுவராணிக்கு அனுப்பினான். பத்தே நிமிடத்தில் பதில்: 'பழம் சிவந்தா சொல்லுங்க. வாரேன்.'

பழம் சிவந்த அன்றே வந்துவிட்டாள். ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆறு வருசமா மல்பெரியோடதான் கெடக்கேன் பாய். புழுவுக்கு இலை வேணும்னு காய்க்கிறதுக்கு முந்தியே வெட்டிருவோம். பழம் திங்கிறது இதான் மொத வாட்டி."

"எப்படி இருக்கு?"

"ஒரே புளிப்பு!" முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். "அவசரப்பட்டுட்டேன். மிச்சத்த விட்டு வைங்க, கறுத்த பொறவு வாரேன்."

அவள் பஸ் ஏறியதும், குருவி கொத்தாமலிருக்க இம்ரான் ஒரு கொசுவலைத் துண்டைத் தேடி எடுத்துச் செடியின் மேல் போர்த்தினான்.